சுவிட்சை அணைத்தும் லாக் விடவில்லையா?

வண்டிப்பெரியாற்றிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவருடைய பழைய ஜீப்பின் பின் ஆக்ஸிலில், காற்றில் இயங்கும் டிஃபரன்ஷியல் லாக் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரக் கூட்டுதான் டிஃபரன்ஷியல், அதைப் பூட்டுவது லாக். சத்திரம் பக்கம் ஏற்றம் ஏறி முடித்ததும் சுவிட்சை அணைக்கிறார். லாக் உடனே விடுவதில்லை. ஐம்பது அறுபது மீட்டர் போன பிறகுதான் 'டக்' என்று விடுகிறது. சில நாள் அதற்குள் கான்கிரீட் வளைவு வந்துவிடுகிறது. டயர் கீச்சிடுகிறது, ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கிறது. முன்பெல்லாம் சுவிட்சை அணைத்தால் 'புஸ்' என்று காற்று போகும் சத்தம் கேட்குமாம், இப்போது சரியாகக் கேட்பதில்லையாம். ஒர்க்‌ஷாப்பில் ஹவுசிங்கை, அதாவது ஆக்ஸில் நடுவில் டிஃபரன்ஷியல் உட்கார்ந்திருக்கும் இரும்புக் கூட்டை, திறந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள், திறக்கலாமா என்பது கேள்வி.

இப்போதைக்குத் திறக்காதீர்கள். அந்த 'புஸ்' சத்தத்தைப் பற்றிய வரியில்தான் பாதி பதில் இருக்கிறது. மீதிப் பாதி, லாக்கை நீங்கள் எந்த இடத்தில் அணைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஹவுசிங்கில் கை வைத்தால் காசும் போகும், எஞ்சின் சுழற்சியை ஆக்ஸிலுக்குத் திருப்பும் கிரவுன் பினியன் பல்சக்கரங்களின் செட்டிங்கும் கலையும், கடைசியில் லாக் பழையபடியே தாமதமாகத்தான் விடும்.

நான் போடியில் பிறந்து பூப்பாறையில் வண்டி வேலை கற்றவன். அங்கே மலையாளி மேஸ்திரி ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் ஆசான். லாக் விடவில்லை என்று யாராவது வந்தால் பானாவை எடுக்க மாட்டார், ஷெட்டின் பின்கதவைக் காட்டுவார். மழைக்காலத்தில் மரம் ஊதி, கதவு நிலையில் இறுகி நிற்கும். தாழ்ப்பாளை என்னதான் இழுத்தாலும் வராது. கதவை ஒரு கையால் உள்பக்கமாக லேசாக அழுத்திக்கொண்டு மறு கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். "தாழ்ப்பாளுக்கு ஒரு கேடும் இல்லடா, கதவு அதைப் பிடிச்சு வெச்சிருக்கு" என்பார். டிஃபரன்ஷியல் லாக்கில் நடப்பதும் இதேதான்.

லாக் என்பது உள்ளே ஒரு பல் கோர்வை. ஒரு பக்கத்து ஆக்ஸிலோடு சேர்ந்து சுற்றும் கியரை, டிஃபரன்ஷியல் கூட்டோடு கோர்த்துவிடுகிறது. கோர்த்தபின் இடது வலது சக்கரங்கள் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். சுவிட்சைப் போட்டால் காற்றோ, மின்காந்தமோ, மோட்டாரோ, கேபிளோ அந்தப் பல்லைத் தள்ளிக் கோர்க்கிறது. அணைத்தால் அந்தத் தள்ளுதல் நின்றுபோகிறது, அவ்வளவுதான். பல்லைப் பின்னால் இழுப்பது பெரும்பாலும் ஒரு சிறிய ஸ்பிரிங். ஒரு சக்கரம் பாறையைக் கவ்வி இழுத்துக்கொண்டும் மறுசக்கரம் வெறுமனே வழுக்கிக்கொண்டும் இருந்தால், இரண்டுக்கும் இடையிலான வித்தியாச விசை முழுவதும் அந்தப் பற்களின் பக்கவாட்டில்தான் அழுத்தும். ஒரு வண்டியின் இழுவை அழுத்தும் பல்லை விரல் நீள ஸ்பிரிங் எப்படி இழுக்கும்? அது காத்திருக்கும். இரண்டு பக்க இழுவையும் சமமாகி, பல்லின் மேல் இருக்கும் பாரம் ஒரு நொடி குறைந்தால் போதும், 'டக்'.

ஆகவே சுவிட்சை அணைப்பது லாக்கிடம் விண்ணப்பம் கொடுப்பது மாதிரி. கையெழுத்துப் போடுவது சக்கரங்கள்தான்.

இது எந்த வண்டிக்கும் பொருந்தும். 2020 மஹிந்திரா தார் வண்டியின் சில வகைகளில் வந்த, தானே பூட்டிக்கொள்ளும் மெக்கானிக்கல் லாக்குக்குச் சுவிட்சே கிடையாது. இரண்டு பின்சக்கரங்களுக்கு இடையே நிமிஷத்துக்கு ஏறத்தாழ 100 சுற்று வித்தியாசம் வந்தால் உள்ளே இருக்கும் எடைக்கட்டிகள் விரிந்து பூட்டிவிடும். மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் அது பூட்டாதபடி இன்னொரு ஏற்பாடும் உண்டு. அதுவும் பாரம் குறைந்தால்தான் விடும். தார் ராக்ஸின் ஃபோர் வீல் வகையில் பட்டன் இருக்கிறது, ஃபோர்ஸ் கூர்காவில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லிவர் இருக்கிறது. பட்டனோ லிவரோ, கடைசியில் பல்லை விடுவிப்பது பாரம் குறைவதுதான். "புது வண்டி, பட்டனை அழுத்தியும் லைட் அணையவில்லை" என்று பதறிக்கொண்டு வருபவர்களில் பலருடைய வண்டியில் ஒரு குறையும் இருப்பதில்லை.

சரி, ஐம்பது மீட்டர் தாமதத்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று தோன்றலாம். ஒரு சின்னக் கணக்கு. ஜீப்பின் இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி அரைவட்டம் திரும்புகிறது. வளைவு பெரிதோ சிறிதோ, வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 4.7 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். ஒன்றரையை 3.14 ஆல் பெருக்கினால் வருவது அது. 30 அங்குல டயரின் சுற்றளவு 2.4 மீட்டர். அதாவது ஒரே வளைவில் வெளிச்சக்கரம் ஏறத்தாழ இரண்டு சுற்று அதிகம் சுற்றியாக வேண்டும். லாக் விழுந்திருந்தால் அது முடியாது. போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். லாக்கோடு இறங்கினால் மொத்தம் 80 மீட்டர் அளவுக்கு டயர் தேய்ந்து வழுக்க வேண்டும். சரளையில் டயர் சுலபமாக வழுக்கிவிடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. கான்கிரீட்டில் டயர் பிடித்துக்கொள்ளும். டயர் வழுக்காவிட்டால் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும்.

முறுக்கினால் என்ன ஆகும் என்பதை நான் காசு கொடுத்துக் கற்றிருக்கிறேன். ஒரு ஐப்பசி மாதம், சூரியநெல்லிக்கு மேலே ஒரு எஸ்டேட் ரோடு. முதல் நாள் மழையில் செம்மண் சேறு. லாக் போட்டு ஏறினேன். மேலே போனதும் கூட வந்தவர்கள் மேகம் கலைவதற்குள் படம் எடுக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். சுவிட்சை அணைத்தேன், விட்டதா என்று பார்க்கவில்லை. சேறு முடிந்து கான்கிரீட் தொடங்கும் இடத்திலேயே வளைவு. கிளீனர் பையன், "அண்ணே, டயர் கத்துதுண்ணே" என்றான். அதையும் கேட்காமல் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். 'டங்' என்று ஒரு சத்தம், ஆக்ஸில் ஷாஃப்ட் ஸ்ப்லைன் பக்கம், அதாவது பல் வெட்டிய முனையில், துண்டாகிவிட்டது. வந்தவர்கள் நடந்து இறங்கினார்கள். மறுநாள் போடியிலிருந்து பஸ்ஸில் ஷாஃப்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு வண்டி நின்றதோடு போயிற்று. சில ஆக்ஸில்களில் சக்கரத்தைத் தாங்குவதே அந்த ஷாஃப்ட்தான், அது முறிந்தால் சக்கரமும் சேர்ந்து வெளியே வரும். பள்ளத்து ஓரத்தில் அப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதில்லை.

உங்கள் வண்டியில் குறை இருக்கிறதா, இல்லை ஓட்டுவதில்தான் விஷயமா என்பதை அரை மணி நேரத்தில் பிரித்துவிடலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். பின்பக்கம் தூக்கி ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி இந்த வேலையைச் செய்யக் கூடாது. ஃபோர் வீல் லிவர் டூ வீல் நிலையில் இருக்கட்டும், கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் விட்டு, எஞ்சின் அணைத்து, சாவி மட்டும் போட்டு கம்ப்ரசர் காற்று ஏறட்டும். லாக் போடாமல் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மறுசக்கரம் பெரும்பாலும் எதிர்த்திசையில் சுற்றும். லாக் போட்டுச் சுற்றினால் இரண்டும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். இப்போது சுவிட்சை அணையுங்கள். பாரமே இல்லாத நிலை இது. ஆரோக்கியமான லாக் உடனே விட்டுவிடும், அல்லது சக்கரத்தை ஓர் ஆட்டு ஆட்டினால் விடும்.

அப்படி விட்டால் இன்னொன்றும் செய்து பாருங்கள், இதைப் பார்த்தால்தான் விஷயம் மனதில் பதியும். மறுபடி லாக் போடுங்கள். ஒருவர் இடது சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும், இன்னொருவர் வலது சக்கரத்தை முழு பலத்தோடு ஒரு பக்கமாக முறுக்கிப் பிடிக்கட்டும். மூன்றாவது ஆள் சுவிட்சை அணைக்கட்டும். லாக் விடாமல் நிற்க வாய்ப்பு அதிகம். முறுக்கியவர் கையைத் தளர்த்தினால் 'டக்'. இரண்டு ஆள் கைபலத்துக்கே இந்தப் பிடிவாதம் என்றால் மலையேற்றத்தில் எஞ்சின் இழுவைக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டில், பாரம் இல்லாமலும் தாமதமாக விட்டால் உள்ளபடியே குறை இருக்கிறது. உங்கள் 'புஸ்' சத்தத்தை வைத்துப் பார்த்தால் இந்தப் பக்கமும் ஏதோ இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

காற்று லாக்கில் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று, மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு வழியாக மெல்லிய பைப்பில் ஹவுசிங்குக்குள் போய் ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. சுவிட்சை அணைத்தால் வால்வு மூடி, உள்ளே இருந்த காற்று அதே பைப்பில் திரும்பி வந்து வால்வின் சிறிய துளை வழியாக வெளியேறும். நீங்கள் முன்பு கேட்ட 'புஸ்' அதுதான். அந்தத் துளை அடைத்துக்கொண்டால் காற்று மூக்கடைத்தவன் மூச்சு விடுவதுபோல மெல்லமெல்லக் கசியும். பிஸ்டன் மேல் அழுத்தம் இருக்கிற வரை ஸ்பிரிங்கால் எதுவும் செய்ய முடியாது. மாசி பங்குனியில் நம் எஸ்டேட் ரோடுகளில் பறக்கும் செம்மண் தூசியும், ஆனி ஆடியில் தெறிக்கும் சேறும் போதும் அந்தத் துளையை அடைக்க. குளவிகூடச் சில சமயம் மண்ணை வைத்துவிட்டுப் போகும். சிரிக்காதீர்கள், நானே பார்த்திருக்கிறேன்.

பரிசோதனை சுலபம். வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே லாக் போட்டு, பிறகு சுவிட்சை அணைத்து, சோலனாய்டு பக்கத்தில் ஹவுசிங்குக்குப் போகும் பைப்பைக் கழற்றுங்கள். முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள். பைப்பிலிருந்து மீதிக் காற்று 'புஸ்' என்று வந்து லாக்கும் உடனே விட்டால் குற்றவாளி சோலனாய்டு. துளையைச் சுத்தம் செய்யுங்கள், அதிலும் சரியாகாவிட்டால் வால்வை மாற்றுங்கள். ஹவுசிங் பக்கமே போக வேண்டாம். மாட்டும்போது அதை உயரமான, சேறு தெறிக்காத இடத்துக்கு மாற்றி, துளை கீழே பார்க்கிற மாதிரி வையுங்கள். துளைக்குச் சின்ன ஃபில்டர் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது.

பைப்பைக் கழற்றியதும் கியர் ஆயில் வந்தால் கதை வேறு. ஹவுசிங்குக்குள், சுற்றும் பாகத்துக்கும் நிற்கும் பாகத்துக்கும் இடையில் காற்றை அடைத்து வைப்பவை ரப்பர் ஓ ரிங்குகள். அவை தேய்ந்தால் காற்று ஹவுசிங்குக்குள் கசியும், ஆயில் பைப்புக்குள் ஏறும். கெட்டியான ஆயில் ஐந்து மில்லிமீட்டர் பைப்பை அடைத்துக்கொண்டால் காற்று எப்படித் திரும்பி வரும்? இன்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. லாக் போட்டிருக்கும்போது கம்ப்ரசர் அடிக்கடி ஓடி ஓடி நிற்கும், சோலனாய்டைச் சுற்றி ஆயில் பிசுக்கு படிந்திருக்கும். இதற்கு ஹவுசிங்கைத் திறந்துதான் ஆக வேண்டும். திறக்கிறவர் கிரவுன் பினியன் இடைவெளியையும் பேரிங் பிடிப்பையும் அளந்து திரும்ப அதே அளவில் வைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். 'கைப்பதத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்பவரிடம் கொடுத்தால் அடுத்த மாதம் ஹவுசிங் ஊளையிடும்.

ஆயிலும் வரவில்லை, காற்றும் தடையின்றிப் போகிறது, ஆனாலும் லாக் விடவில்லை என்றால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது பல் முனையில் பிசிறு ஏறியிருக்கலாம். பிசிறு ஏறுவதற்கு முக்கியக் காரணம், ஒரு சக்கரம் சேற்றில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது லாக் போடுவது. சுற்றும் பல்லும் நிற்கும் பல்லும் 'கர்ர்' என்று உரசி ஓரம் மழுங்கும். பிறகு கோர்ப்பதும் சிரமம், கழல்வதும் சிரமம்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வைத்துத் தள்ளும் லாக்கில் ஹவுசிங்குக்கு வெளியே ஒரு சின்ன மோட்டார் உட்கார்ந்திருக்கும். பல மாதம் பயன்படுத்தாமல் விட்டால் அதற்குள் ஈரம் இறங்கித் துருப்பிடித்து, பாதி வழியில் நின்றுவிடும். மின்காந்த வகையில் ஒயர் உரசி அறுந்தாலோ கனெக்டரில் பச்சை பூத்தாலோ லாக் விழாமல் போகும். கேபிள் வகையில் கேபிளுக்குள் சேறு காய்ந்து, லிவர் திரும்பினாலும் உள்ளே பல்லைத் தள்ளும் ஃபோர்க் முழுசாகத் திரும்பாது. எந்த வகையானாலும் மாதம் ஒருமுறை புல்தரையில் நாலு தடவை போட்டு எடுங்கள். சும்மா கிடக்கிற லாக்குதான் சீக்கிரம் கெடும்.

டிஃபரன்ஷியலில் வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டு 'லாக்கர் போட்டிருக்கிறேன்' என்று சொல்கிறவர்களும் நம் பக்கம் உண்டு. அது என்றைக்குமே விடாது. அந்த வண்டியை ரோட்டில் ஓட்டுவதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

ஆயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூணாறு, சின்னக்கானல் பக்கம் மார்கழி தை விடியற்காலையில் குளிர் பூஜ்யம் டிகிரியைத் தொட்டுவிட்டுப் போகும். சூரியோதயம் பார்க்க நாலு மணிக்கே மேலே ஏறுகிற ஜீப்புகளுக்கு ஹவுசிங் ஆயில் அந்த நேரத்தில் களி மாதிரி இருக்கும். கெட்டியான ஆயிலில் லாக் விழுவதும் மெதுவாக இருக்கும், விடுவதும் மெதுவாக இருக்கும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் சரியாகிவிட்டால் அது குறை இல்லை. சத்தம் வருகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு 80டபிள்யூ-90 இருக்க வேண்டிய இடத்தில் 85டபிள்யூ-140 ஊற்றி வைத்திருந்தால் பழைய ஆயிலுக்கே திரும்புங்கள். வண்டியின் கையேட்டிலோ லாக்கோடு வந்த தாளிலோ என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. கடைக்காரர் தரும் கூடுதல் மருந்துகளைக் கலக்க வேண்டாம்.

ஆயிலை இறக்கும்போது அதன் நிறத்தையும் பாருங்கள். பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஏற்றம் ஏறிச் சூடான ஹவுசிங் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். மேலே காற்று போய்வர இருக்கும் பிரீதர் துளை அடைத்திருந்தால் அது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் புகுந்தால் லாக்கின் வழுக்குப் பாகங்களில் துரு ஏறும், பிறகு தாமதம் நிரந்தரமாகிவிடும். பிரீதருக்கு ஒரு நீளமான டியூப் மாட்டி பாடிக்கு மேலே ஏற்றிவிடுங்கள். நூறு இருநூறு ரூபாய் வேலை. வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் மெல்லிய பொடி ஒட்டியிருப்பது சகஜம், துண்டு துண்டாக இரும்பு ஒட்டியிருந்தால் அப்போது திறந்து பாருங்கள்.

பலர் கவனிக்காத இன்னொரு காரணம் டயர். ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் தேய்ந்த டயர், ஆரத்தில் 8 மில்லிமீட்டர் வித்தியாசம் என்று வையுங்கள். 30 அங்குல டயரில் இது இரண்டு சதவீதம். கணக்குப்படி 100 மீட்டர் நேராக ஓடினாலே இரண்டு சக்கரமும் ஓட வேண்டிய தூரத்தில் இரண்டு மீட்டர் இடிக்கும். நேர் ரோட்டில்கூடப் பல்லின் மேல் பாரம் இருந்துகொண்டே இருக்கும், நீங்கள் லாக்கைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். பஞ்சரானபோது ஸ்டெப்னியை மாட்டி அப்படியே விட்ட வண்டிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். சேற்றுக்காகக் காற்றை இறக்கும்போதும் இரண்டு பக்கமும் அளந்து இறக்க வேண்டும்.

அப்புறம், இந்தத் தொந்தரவு பின் லாக்கா அல்லது ஃபோர் வீலா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய ஜீப்புகளில் முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாமல் நேரடியாகக் கோர்க்கிறோம். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடும், அந்த வித்தியாசம், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்காக ஏறி, லிவரை டூவுக்கு இழுத்தால் வராது. ஸ்டியரிங் கனத்து, பிரேக் பிடித்த மாதிரி வண்டி இறுகி இறுகி நகரும். இது வேறு நோய், மருந்து மட்டும் ஒன்றுதான், பாரத்தைக் குறைப்பது. டூவுக்கு மாற்றிய பிறகும் வளைவில் பின் டயர் கீச்சிட்டால்தான் அது பின் லாக். டேஷ்போர்டு விளக்கை முழுசாக நம்ப வேண்டாம். வெளியே வாங்கிப் போட்ட காற்று லாக்குகளில் சுவிட்சு விளக்கு, சுவிட்ச் போட்டிருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும், உள்ளே பல் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கம்பெனியிலிருந்தே வரும் பல மின் லாக்குகளில் பல்லின் நிலையைப் பார்க்கும் சென்சார் உண்டு, மாற்றம் முடியும் வரை விளக்கு மினுக்கும்.

இனி ஓட்டும் விஷயம். ஏற்றம் முடிந்து வளைவு வருவதற்குள், முடிந்தவரை சமமான, சரளையோ புல்லோ இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். கிளட்சை மிதித்து எஞ்சின் இழுவையை எடுத்துவிட்டு சுவிட்சை அணையுங்கள். இங்கேதான் பலரும் ஒரு தப்புச் செய்கிறார்கள். பிரேக்கை அழுத்தமாக மிதித்துக்கொண்டே லாக் விடும் என்று காத்திருப்பார்கள். ஈரத்துணியை முறுக்கி இரண்டு முனையையும் இறுகப் பிடித்துக்கொண்டால் முறுக்கு எப்படிப் பிரியும்? பிரேக்கை விடுங்கள், வண்டி தானே கொஞ்சம் அசைந்து உட்காரட்டும். பாதிப் பேருக்கு அந்த அசைவிலேயே விட்டுவிடும். விடவில்லையென்றால் பின்னால் இடம் பார்த்து ரிவர்ஸில் ஒரு மீட்டர், பிறகு முன்னால் ஒரு மீட்டர். பின்னால் போகும்போது பல்லின் பாரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறுகிறது, மாறும்போது நடுவில் பாரமே இல்லாத ஒரு கணம் வரும். ஸ்பிரிங்குக்கு அந்தக் கணம் போதும். அதற்கும் மசியாவிட்டால் சரளையில் மெதுவாகப் போய்க்கொண்டே ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் ஆட்டுங்கள், ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து விடுங்கள். கான்கிரீட்டில் முழு ஒடிப்பும் முழு மிதியும் கொடுத்து 'உதறிவிடலாம்' என்று மட்டும் நினைக்காதீர்கள். என் ஷாஃப்ட் போன கதையைச் சொல்லிவிட்டேன்.

முன்னாலும் லாக் இருக்கிறவர்கள் முன் லாக்கை முதலில் எடுங்கள், பிறகு பின் லாக், கடைசியில் ஃபோர் வீலின் லோ கியர். முன் லாக் விழுந்திருக்கும்போது ஸ்டியரிங் அநேகமாக உங்கள் பேச்சைக் கேட்காது. ஈர மண் இறக்கத்தில், அதிலும் ஒரு பக்கம் சாய்வாக இருந்தால், பின் லாக்கோடு இறங்க வேண்டாம். ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றது பிடித்து நிறுத்தும் வசதி லாக்கில் போய்விடும், இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் சரியும்.

சத்திரம் ஏற்றத்துக்கு முழு நேரமும் லாக் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடியுமுன் ஏறும் ஜீப்புகளில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு லாக்கே கிடையாது. தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டில், ரோடு கேரளா வழியாக, நடுவில் கல்லும் குழியும். டிரைவர்கள் எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை ஏற்றுவது என்று பார்த்து, லோவில் ஊர்ந்தே ஏறிவிடுகிறார்கள். லாக்கை ஒரு குறிப்பிட்ட இருபது முப்பது அடிக்கு மட்டும் போட்டு, அது முடிந்ததும் எடுத்துப் பழகினால், வளைவு வரும் நேரத்தில் லாக்கோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே பாதிக்கு மேல் குறையும். இடத்தை முன்கூட்டியே இறங்கி நடந்து பார்த்து, எங்கே போடுவது, எங்கே எடுப்பது என்று முடிவு செய்துகொண்டு ஏறுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் இரண்டு பின் டயரின் ஆரத்தையும் காற்றையும் அளந்து பாருங்கள். அடுத்து ஸ்டாண்டில் ஏற்றி லாக்கைச் சோதியுங்கள், சோலனாய்டு பக்கத்தில் பைப்பைக் கழற்றிப் பாருங்கள். காற்று மட்டும் வந்தால் துளையைச் சுத்தம் செய்து ஒரு வாரம் ஓட்டுங்கள். ஆயில் வந்தால் ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரி, ஹவுசிங்கைத் திறக்கச் சொல்லுங்கள். ஆனால் திறக்குமுன் உங்கள் லாக்குக்கு ஏற்ற ஓ ரிங் செட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஹவுசிங் திறந்தபடியே கிடக்க, நீங்கள் கோட்டயத்துக்கும் மதுரைக்கும் போன் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.